சாட்சியைத் தின்றவன்

படித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அறிவாளி என்று நினைத்துக்கொள்வார்கள். நான் ஒரே ஒரு தடவை அப்படி மூடிக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பத்தின் பிழைப்பு போய்விட்டது. (வாயைத் திறந்தது சாப்பிடுவதற்கு மட்டும்.)

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவன் நான். கையில் ஒரு ஐஸ் பெட்டி, முகத்தில் உலகத்தைக் காப்பாற்றப் போகிறவனின் களை. அவனியாபுரம் பக்கம் ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்த செல்லையா அண்ணன் என்னைத் தேடி வந்தார். முலாம் பூசும் பட்டறை ஒன்று கழிவைக் கண்மாயில் விட, மீனெல்லாம் செத்து மிதந்திருக்கிறது. புகார் கொடுத்திருக்கிறார். அதிகாரிகள் வருவதற்குள் பெருமழை பெய்து, கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து, கழிவையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தண்ணீரில் குற்றமில்லை, திங்கட்கிழமைக்குள் வேறு ஆதாரம் இருந்தால் கொண்டுவா என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆதாரம் எனக்குத் தெரியும். உலோக விஷம் கலந்த தண்ணீரில் வாழ்ந்த மீனின் மூளையில் ஒரு நொதி குறைந்துபோகும். புதுத் தண்ணீர் வந்தாலும் அது உடனே தேறாது. நல்ல கண்மாய் மீனோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். மீனை உயிரோடு பிடித்து, மூளையை உடனே ஐஸில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை அண்ணனிடம் சொன்னேனா? நான்கு வருடமாக மீன் மூளையைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வெட்கம். "நாளைக்கு உயிர் மீனாப் பிடிச்சு வைங்கண்ணே. மத்ததெல்லாம் ஆராய்ச்சி, சொன்னாப் புரியாது" என்றேன்.

மறுநாள் ஐஸ் வாங்கி, பஸ் பிடித்து, இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். மூன்று தடவை வலை வீசியும் நாலே நாலு கெண்டைதான் சிக்கியதாம். கண்மாயில் அதுதான் மிச்சம். அண்ணன் மனைவி, மதினி, என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. விருந்தாளிக்கு மீன் தலை வைப்பது அந்த வீட்டு மரியாதை. எந்த மீன் என்று கேட்கத் தோன்றாமல் மூன்று தலைகளை உறிஞ்சித் தின்றேன். (நாலாவது அண்ணனுடையது. அதன்மேலும் ஒரு கண் இருந்தது.)

கைகழுவிவிட்டு மீனைக் கேட்டேன். மதினி பெருமையாகத் தட்டை நீட்டினார். செதில் நீக்கி, உப்பும் மஞ்சளும் தடவி, நாலு மீன். ஒன்றுக்கும் தலையில்லை.

"நீங்க வர நேரமாச்சு தம்பி. மீனுக்கு உயிரு அடங்கிருச்சு. கெட்டுறக் கூடாதேன்னு கழுவிட்டேன். தலைய மட்டும் குழம்புல போட்டேன், உடம்பு அம்புட்டும் அப்படியே இருக்கு."

அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கண்மாயைப் பார்த்தபடி நின்றார். "இத நேத்தே சொல்லியிருந்தா, அண்டாவுல உயிரோட நானே கொண்டாந்திருப்பேனே தம்பி" என்றார். கோபப்படவே இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை புகாரை மூடிவிட்டார்கள். குத்தகையை விட்டுவிட்டு, அண்ணன் மேலூர்ப் பக்கம் கல் உடைக்கப் போனார்.

இன்றும் எங்கள் வீட்டில் மீன் குழம்பு என்றால் எனக்கு வால்தான். "அப்பாவுக்குத் தலை வைக்காதம்மா, சாட்சியத் தின்னுருவாரு" என்பாள் மகள். எல்லோரும் சிரிப்போம். அவர்களுக்கு நான் சொன்னது குழம்பு வரைக்கும்தான். மூட்டையோடு மேலூர் பஸ் ஏறிய மதினி, ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டதை இன்னும் சொல்லவில்லை.