ரொக்கம் அண்ணனுக்கு நாங்கள் வைத்த பாக்கி

ஒரகடம் சாலையில் ஓடுகிற வண்டிகளில், முழுக்க முழுக்க ஓட்டுகிறவனுக்கே சொந்தமான வண்டி ஒன்றே ஒன்றுதான். அது ரொக்கம் அண்ணனின் சைக்கிள். மற்றதெல்லாம், கன்டெய்னர் லாரி முதல் என் பைக் வரை, ஏதாவது ஒரு பைனான்ஸ் கம்பெனியின் சொத்து. நாங்கள் பெட்ரோல் போட்டு அவர்களுக்காக ஓட்டிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஆதார் அட்டையில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. கடையில் எந்தச் சாமானைத் தொடுவதற்கு முன்னாலும் "இன்னா வெல? ரொக்கம்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். டீக்கடைக்காரர் ஒருநாள் "ரொக்கம் வந்துட்டாரு, ஒரு ஸ்ட்ராங்" என்று குரல் கொடுத்தார். அன்றோடு ஆதார் அட்டை தோற்றது.

நான் கோவில்பட்டியிலிருந்து டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு கார் உதிரிபாகம் செய்கிற ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஹவுஸ் ஓனர் கிளாரா அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறைகள் உண்டு. அதில் ஒன்றில் நானும் வெல்டர் செல்வமும் இருந்தோம். பக்கத்து அறையில் ரொக்கம் அண்ணன், மல்லிகா அக்கா, பள்ளிக்கூடம் போகிற அவர்கள் மகள். அண்ணன் வாலாஜாபாத் பக்கத்துக்காரர். காண்ட்ராக்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அக்காவுக்கு ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்குகிற வேலை.

கடன் வாங்காமல் குடும்பம் நடத்த அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முறை வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் ஊறப்போடுவது. யாருக்கு எது வேண்டுமென்றாலும் சொல்லலாம், தடையில்லை. ஆனால் மூன்று சம்பளம் தாண்டும் வரை அது ஊற வேண்டும். அதற்குப் பிறகும் அந்த ஆசை கரையாமல் இருந்தால் கையில் பணத்தோடு போய் வாங்கலாம். அண்ணன் ஆசைப்பட்ட பெரிய டிவி இரண்டாம் சம்பளத்துக்குள்ளேயே கரைந்துவிட்டது. "எனக்குக் கொலுசு ஊறுது மிஸ்" என்று மகள் வகுப்பில் சொல்லிவைக்க, வெள்ளியைப் புளித்தண்ணீரில் போட்டு விளக்குகிறார்கள் போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டாராம்.

மல்லிகா அக்காவின் மிக்ஸி மட்டும் மூன்று சம்பளத்தையும் தாக்குப்பிடித்தது. வாங்குவதற்கு ஸ்ரீபெரும்புதூர் போனார்கள். மாதத் தவணையில் எடுத்தால் தள்ளுபடி உண்டு, ரொக்கத்துக்கு இல்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு ரத்தம் கொதித்தது.

"துட்டு குடுக்கறவனுக்கு வெல ஜாஸ்தி, கடங்காரனுக்குக் கம்மியா? இன்னா நாயம் இது?"

மல்லிகா அக்கா கத்தவில்லை. மிக்ஸியை ஒருமுறை தடவிப் பார்த்தார். "வாய்யா, போலாம். இன்னும் மூணு சம்பளம் ஊறட்டும்" என்று எழுந்தார். அவர் படியிறங்குவதற்குள் கடைக்காரர் தள்ளுபடியோடு பில் போட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவர்களுக்குப் பக்கத்து அறையில் நான் எப்படி இருந்தேன் என்று கேளுங்கள். பைக் தவணை, செல்போன் தவணை, ஊரில் என் அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குத் தவணை. மாதம் பிறந்து ஐந்தாம் தேதி தாண்டினால் வசூல்காரர் வாசலில் நிற்பார். ஒருமுறை நான் உள்ளே இருந்துகொண்டு வெளியே பூட்டிவிடலாம் என்று யோசனை செய்தேன். எங்கள் பூட்டின் சாவியைச் செல்வம் தொலைத்திருந்ததால் அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"பூட்டா? கடனா கேக்குறியா?" என்றார் முகத்தை இறுக்கிக்கொண்டு.

"கடன்தாம்ண்ணே. ஆறு மணிக்குத் திருப்பித் தந்துருதேன்."

என்னை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். வசூல்காரர் வந்தார், பூட்டைப் பார்த்தார், வெயிலாக இருக்கிறதே என்று அண்ணன் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். மல்லிகா அக்கா அவருக்கு மோர் வேறு கொடுத்தார். மணி ஆறு அடித்ததும் அண்ணன் எழுந்து வந்து, அந்த ஆளின் கண்ணெதிரே பூட்டைத் திறந்து எடுத்துக்கொண்டார். உள்ளே நான் லுங்கியோடு நின்றிருந்தேன்.

"பூட்டு எங்க வூட்துபா. டைம் ஆயிடுச்சி" என்றார் வசூல்காரரிடம். அவர் போனபிறகு நான் சண்டைக்குப் போனேன். "நான் எதுனா பொய் சொன்னனா? நீ சொன்ன டைமுக்கு வாங்கிக்கினேன்" என்றார் நிதானமாக. மல்லிகா அக்கா உள்ளேயிருந்து, "ஒரு கடனாச்சும் சொன்ன டைமுக்குத் தீந்துச்சே, சந்தோசப்படு தம்பி" என்றார்.

கெட்டவன் பக்கத்தில்கூடக் குடியிருந்துவிடலாம். கடனில்லாதவன் பக்கத்தில் குடியிருப்பதுதான் கொடுமை. இந்த மனுஷன் வாழ்க்கையில் ஒருமுறையாவது, ஒரு ஐந்நூறு ரூபாயாவது கடன் வாங்கி அல்லாட வேண்டும் என்று காம்பவுண்டில் எல்லோரும் ஆசைப்பட்டோம். செல்வம் இதற்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாகக்கூட வேண்டிக்கொண்டான்.

எங்கள் ஆசை அந்த ஆடி மாதத்தில் பலிக்கப் பார்த்தது. அண்ணன் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு மாடலை நிறுத்தினார்கள். லைன் மூடியது. காண்ட்ராக்ட் ஆட்களை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மல்லிகா அக்கா அப்போது இரண்டாவது பிள்ளைக்கு ஏழு மாதம். கால் இரண்டும் வீங்கி, பிரஷர் ஏறி, வேலைக்குப் போகக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொன்னார்கள். இரண்டு சம்பளமும் ஒரே மாதத்தில் நின்றது.

அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை, மறைமலை நகர் என்று கேட் கேட்டாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் வயதைக் கேட்டார்கள், பிறகு போன் நம்பரைக் கேட்டார்கள், பிறகு கூப்பிடவில்லை. சேர்த்து வைத்திருந்தது ஆவணி வரைக்கும் வந்தது. ஒருநாள் மாலையில் கிளாரா அம்மாவிடம் போய், "ஒண்ணாந்தேதி காலி பண்றோம்மா" என்றார்.

எங்கே போவதாக உத்தேசம் என்றால், வாலாஜாபாத்துக்கு உள்ளே தள்ளி அவர் தம்பி மாடு கட்டுகிற கொட்டகையை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு இருக்கிறது, அங்கே. அந்த ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நேர் பஸ் கிடையாது. நினைத்த நேரத்துக்கு ஆட்டோவும் வராது. நிறைமாதக்காரியை அங்கே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் வாடகை பாக்கி வைப்பது கடன்.

கிளாரா அம்மா சாதாரண ஆள் இல்லை. வாடகை இரண்டு நாள் தாமதமானால் என் கதவைச் சாவிக்கொத்தால் தட்டுகிறவர். அவர் வந்து அண்ணன் வாசலில் நின்று கெஞ்சினார்.

"ஏம்பா, ஒன்ன இப்ப வாடகை யார்னா கேட்டாங்களா? கொயந்த பொறந்தப்பறம் மெதுவா குடேன்."

"அது கடன்மா."

"சரி, அட்வான்ஸ்ல கயிச்சிக்கிறேன்."

"அட்வான்ஸ் காலி பண்ணும்போது வாங்கறது. உள்ள குந்திக்கினே அதத் தின்னா, நம்ம துட்ட நம்மளே கடன் வாங்குன மாதிரி."

"ஏசப்பா! ஒதவின்னு நெனச்சிக்கோயேன்!"

"ஒதவின்னா தேதி போடாத கடன்மா. அதான் இருக்கறதுலயே பெரிசு."

கிளாரா அம்மா வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பியபோது, சத்தமில்லாமல் நழுவிக்கொண்டிருந்த நான் கண்ணில் பட்டேன். "நீ எங்கடா போற? ஒன் பாக்கி எங்க?" என்றார். ஒருவனைப் பாக்கி வை வை என்று கெஞ்சிய அதே வாய்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் எங்கள் மாநாடு கூடியது. கிளாரா அம்மாதான் வழி கண்டுபிடித்தார். "குடுத்தா வாங்க மாட்டான். அவனுக்கு வரவேண்டிய துட்டுன்னு சொன்னா வாங்குவான் இல்ல?" அதாவது நாங்கள் எல்லோரும் அவரிடம் என்றோ கடன் வாங்கியிருக்கிறோம், இப்போது திருப்பிக் கொடுக்கிறோம். கடனைக் கட்டாமலிருக்கக் காரணம் கண்டுபிடிப்பதில் நாங்கள் கைதேர்ந்தவர்கள். கட்டுவதற்குக் காரணம் கண்டுபிடிப்பது அதுதான் முதல் தடவை. எப்போது வாங்கினாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்றான் செல்வம். போன பொங்கலுக்கு என்று முடிவாயிற்று.

என் பங்குக்கு என்னிடம் காலணா இல்லை. செல்போனை எடுத்து, கேட்ட நிமிடத்தில் கடன் தருகிற ஆப் ஒன்றை அமுக்கினேன். கடன் வாங்கிக் கடன் கொடுத்தானும் கெட்டான், மரம் ஏறிக் கைவிட்டானும் கெட்டான் என்பார்கள். வாங்காத கடனைத் திருப்பிக் கொடுக்கக் கடன் வாங்கியவனைப் பற்றிப் பழமொழி எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய முட்டாளை முன்னோர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணன் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நான்தான் முதலில் போனேன்.

"அண்ணே, ஒங்ககிட்ட வாங்குனேம்லா, அந்தப் பணம். ரொம்ப நாளாயிட்டு, மன்னிச்சிக்கிடுங்க."

"எப்ப வாங்கின?"

"போன பொங்கலுக்குண்ணே. ஊருக்குப் போறப்போ."

"பொங்கலுக்கு நீ எங்க ஊருக்குப் போன? லீவு தர்லன்னு இங்கியே மூஞ்சத் தொங்கப்போட்டுக்கினு குந்தியிருந்த. எங்க வூட்லதான துன்ன?"

நான் அவசரமாக வேறொரு பண்டிகையைத் தேடினேன். அதற்குள் செல்வம் வந்து பணத்தை நீட்டினான். எப்போது வாங்கியது? போன பொங்கலுக்கு. டீக்கடைக்காரர் வந்தார். அவரும் போன பொங்கலுக்கு. அடுத்த அறை அசாம்கார சூப்பர்வைசர் ஒருவர் தமிழே தெரியாமல் வந்து "பொங்கல், பொங்கல்" என்று இரண்டு தடவை சொல்லிப் பணத்தைக் கொடுத்தார். கடைசியில் கிளாரா அம்மா.

"போன பொங்கலுக்கு ஒரு அவசரம்னு வாங்கினேனேப்பா..."

"ஹவுஸ் ஓனரம்மா நீங்க, எங்கிட்ட கடன் வாங்கினீங்களா? அதுவும் பொங்கலுக்கு?" அண்ணன் சாக்கைப் போட்டுவிட்டு எழுந்தார். "இன்னா நடக்குது இங்க? போன பொங்கலுக்கு நான் இன்னா பேங்க்கா வச்சினு இருந்தேன்?"

எல்லோரும் அவரவர் கால் விரலைப் பார்த்தோம். எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவர் சொல்ல வாயெடுத்த நேரத்தில், பாயிலிருந்து குரல் வந்தது.

"அவங்க சொல்றது நெசந்தான்யா. ஆனா ஒங்கிட்ட வாங்கல. எங்கிட்ட வாங்கினாங்க."

அண்ணன் மெதுவாகத் திரும்பினார். "நீ குடுத்தியா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம?"

"கேட்டா ஊறப்போடும்ப. அவங்க அவசரம்னாங்க."

"அவ்ளோ துட்டு ஒனக்கு ஏது?"

"ஒங்கூட இத்தினி வருசமா குடும்பம் நடத்துறேன். எனக்குன்னு ஒரு டப்பா இருக்காதா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார் பாருங்கள், ஒரு பாட்டு!

"பொங்கலுக்கு வாங்கினத ஆவணி வரிக்கும் வச்சினு இருந்தீங்களா? ஒரு பொம்பள கிட்ட வாங்கிட்டு? புள்ளத்தாச்சி கிட்ட? வெக்கமால்ல? ஒங்கள மாதிரி ஆளுங்களாலதாண்டா நாட்ல ஒருத்தன் இன்னொருத்தன நம்ப மாட்றான்!"

நாங்கள் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டோம். வாங்காத கடனுக்கு இவ்வளவு திட்டு வாங்கியவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். கிளாரா அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. திட்டி முடித்ததும் அண்ணன் அந்தப் பணத்திலிருந்தே வாடகையை எண்ணிக் கிளாரா அம்மா கையில் வைத்தார். சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை அலமாரியில் திரும்ப அடுக்கினார்.

புரட்டாசியில் பிரசவ வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் காம்பவுண்டு வாசலுக்கே வந்து நின்றது. போனதும் ஆபரேஷன். கொஞ்சம் தாமதித்திருந்தால் தாய், பிள்ளை இரண்டு பேருமே இல்லை என்றார்களாம். பெண் குழந்தை. அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிடங்கில் அண்ணனுக்கு ஃபோர்க்லிஃப்ட் வேலை கிடைத்தது. எனக்கு அந்த ஆப் கடனை அடைக்க அடுத்த சித்திரை ஆகிவிட்டது.

பிறகு நான் வேலை மாறித் தாம்பரம் பக்கம் வந்துவிட்டேன். போன மாதம் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். சின்னவள் வாசலில் ஓடிக்கொண்டிருந்தாள். மல்லிகா அக்கா மீன் குழம்பு வைத்து, சாப்பிடாமல் போக விடவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார்.

"தம்பி, மல்லிகா அன்னிக்கி யாருக்கும் துட்டு குடுக்கல. அவகிட்ட டப்பா எல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றார் திடீரென்று.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒங்களுக்கு எப்பண்ணே தெரியும்?"

"அப்பவே தெரியும். அவ மூஞ்சப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏண்ணே வாங்குனீக?"

சைக்கிள் பெல்லை விரலால் துடைத்துக்கொண்டே நடந்தார். "போவ முடியாதுன்னு அவ வாயத் தொறந்து சொல்லல தம்பி. நான் கடன் வாங்க மாட்டேன்னு தெரிஞ்சி, பேசாம என் பின்னால வர ரெடியாத்தான் படுத்துனு இருந்தா. அந்த வீங்கின கால வச்சினு. அத நெனச்சா இப்பகூட..." என்று நிறுத்திக்கொண்டார்.

 அவரே மறுபடி ஆரம்பித்தார். "துட்டு இப்ப கீது. ஒங்க எல்லாருக்கும் குடுக்கற அளவுக்கு கீது. ஆனா குடுக்க மாட்டேன்."

"வேண்டாம்ண்ணே."

"குடுத்துட்டா தீந்து பூடும். ஒங்களுக்குலாம் நான் பாக்கி கீறேன்னு நெனச்சினு இருந்தா மனசுக்கு நல்லா கீதுபா."

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கை காட்டிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு நான் தரவேண்டியவன். எனக்குத் தரவேண்டியவர் இந்த உலகத்தில் ரொக்கம் அண்ணன் ஒருவர்தான். அந்தப் பாக்கியை அவர் என் ஆயுசுக்கும் தராமலே இருக்க வேண்டும்.