ஒரு செப்புக்காசுப் பிறந்தநாள்

வரைபடத்தை மடித்தால் சரியாக மடிப்பில் போய் விழுகிற நாடு ஒன்று இருந்தது. அதனால் வெளியாட்கள் கண்ணில் அது அதிகம் பட்டதில்லை. மஞ்சாடி நாடு என்று பெயர்.

அங்கே பிள்ளைகளின் பிறந்தநாள் எப்படி நடந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது எப்படிக் கெட்டது என்பது அப்போதுதான் புரியும். பிறந்தநாள் வீட்டார் அடுப்பை மட்டும் மூட்டுவார்கள். மற்றதெல்லாம் தெருவிலிருந்து வரும். ஒரு வீட்டிலிருந்து அரிசி, ஒரு வீட்டிலிருந்து வெல்லம், இன்னொரு வீட்டிலிருந்து தேங்காய். யார் எதைக் கொண்டுவருவது என்று யாரும் பேசி வைத்துக்கொள்வதில்லை. ஆகவே ஒரு நாள் பாயசம் வெல்லப்பாகாக இருக்கும், இன்னொரு நாள் தேங்காயைத் தேடினாலும் கிடைக்காது. பிள்ளைகள் அதையெல்லாம் பொருட்படுத்தியதில்லை. குடித்து முடித்ததும் பிறந்தநாள் பிள்ளையை ஆளாளுக்கு முதுகில் ஏற்றித் தெருக்கோடிவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார்கள். இறக்கியதும் பிள்ளைக்கு ஒரு வயது கூடிவிட்டதாகக் கணக்கு.

பால்காரி செங்கமலத்தின் மகள் அல்லிக்கு நாலு வயது நிறைந்த அன்றும் அப்படித்தான் நடந்தது. முதுகிலிருந்து இறங்கிய அல்லி, "அடுத்தது அஞ்சு. அஞ்சு வந்தா பள்ளிக்கூடம்" என்று அறிவித்தாள். அந்த நாட்டில் ஐந்து நிறைந்தால்தான் பள்ளியில் சேர்ப்பார்கள். அல்லி அதுவரை பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியே நின்றபடி உள்ளே சொல்லும் வாய்ப்பாட்டைத் தானும் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். அஞ்சு வந்தால் உள்ளே உட்கார்ந்து கத்தலாம் என்பது அவள் கணக்கு.

அந்த ஆண்டுதான் பக்கத்து நாட்டுத் தூதர் ஒருவர் அரண்மனை விருந்துக்கு வந்தார். சாப்பாட்டுக்கும் தாம்பூலத்துக்கும் நடுவே பேச ஒன்றும் அகப்படாமல், "உங்கள் நாடு பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவிடுகிறது?" என்று கேட்டுவைத்தார். பொருளமைச்சர் திருமேனியார் கணக்கைப் புரட்டிப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்றார். தூதர் "ஓ" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

அந்த "ஓ" மன்னர் செழியவர்மரைத் தூங்கவிடவில்லை. மறுநாள் அவையைக் கூட்டினார்.

"நம் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கு நாம் ஒதுக்கியிருக்கும் தொகை சுழியம்" என்றார்.

"ஆனால் மன்னா, பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள்" என்றார் வயதான உறுப்பினர் ஒருவர்.

"எந்தத் தலைப்பின் கீழ்?" என்று கேட்டார் திருமேனியார். உறுப்பினர் யோசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்படித்தான் பிறந்தநாள் நலத்துறை பிறந்தது. தனியார் பாயசம் தடைசெய்யப்பட்டது. இனி ஒவ்வொரு பிறந்தநாளையும் அரசே நடத்தும் என்று முரசறைந்தார்கள். ஒரு பிறந்தநாளுக்கு என்ன ஆகும் என்று மதிப்பிட ஒரு குழு போட்டார்கள். குழு எப்படி வேலை செய்யும் என்றால், ஒவ்வொரு உறுப்பினரும் தனக்குத் தோன்றியதைச் சேர்ப்பார்; அடுத்தவர் சேர்த்ததை யாரும் எடுக்கமாட்டார், எடுத்தால் தான் சேர்த்ததையும் எடுத்துவிடுவார்களே. பந்தல் வந்தது. நாகசுரம் வந்தது. முகபடாம் போட்ட யானை வந்தது. யானைக்குப் பாகனும், பாகனுக்குப் பயணப்படியும், விழாவைத் தொடங்கி வைக்க ஓர் அதிகாரியும், அவருக்கு ஒரு மாலையும், அந்த மாலையைப் போட ஓர் உதவி அதிகாரியும் வந்தார்கள். கூட்டிப் பார்த்தபோது ஒரு பிள்ளைக்கு முந்நூறு பொன் ஆனது. சிக்கனம் தேவை என்று மன்னர் சொன்னதால் ஓர் இனத்தை மட்டும் நீக்கினார்கள். அது பாயசம்.

முதல் விழா குயவர் வீட்டுப் பையன் சேந்தனுக்கு நடந்தது. யானையும் அதிகாரிகளும் வந்தபிறகு பந்தலில் இடம் போதவில்லை. சேந்தனை வெளியே நிற்கச் சொன்னார்கள். "இன்று இந்த நாடே வளர்ந்திருக்கிறது" என்று ஓர் அதிகாரி நெடுநேரம் பேசினார். பேசி முடித்தபோது சேந்தன் யானையின் நிழலில் தூங்கிப்போயிருந்தான். விழா சிறப்பாக நடந்ததாகக் குறிப்பெழுதினார்கள்.

இரண்டாவது மாதத்திலேயே பணம் தீர்ந்தது. தை மாதத்துப் பிள்ளைகளுக்கு யானை வந்தது, மாசியில் பாதிப் பேருக்கு நாகசுரம் மட்டும் வந்தது, பங்குனிப் பிள்ளைகளுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. பணம் திரட்டப் பாலுக்கும் வெல்லத்துக்கும் வரி போட்டார்கள். பாயசம் வைக்க இனி அவசியமில்லாததால் மக்களை இது பாதிக்காது என்று திருமேனியார் விளக்கினார். செங்கமலத்தின் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் பாலை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பணமும் யானைக்கே போதவில்லை.

அப்போதுதான் திருமேனியார் நாட்டின் போக்கையே மாற்றிய அந்த ஆணையை எழுதினார். நிதி ஒதுக்கப்படாத பிறந்தநாள் நடந்ததாகக் கருதப்படாது. பிறந்தநாள் நடக்காதவருக்கு வயது கூடாது. பிள்ளைகள் என்று மட்டும் எழுதினால் பாகுபாடாகிவிடும் என்பதால் அனைவருக்கும் என்று எழுதினார். விரும்புகிறவர்கள் மதிப்பீட்டுத் தொகையைத் தாங்களே கருவூலத்தில் கட்டலாம் என்றும், கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வயது உடனே ஏறும் என்றும் கடைசியில் ஒரு சலுகை சேர்த்தார்.

"இதனால் என்ன பயன்?" என்று அவையில் கேட்டார்கள்.

"புதிதாக யாரும் பள்ளிக்கு வரமாட்டார்கள். யாருக்கும் முதியோர் படி தர வேண்டியதில்லை. பதினேழில் நிற்பவர்கள் பதினேழிலேயே நிற்பதால் அவைத் தேர்தலில் வாக்குச்சாவடிக் கூட்டம் குறையும். உலகத்திலேயே மூப்படையாத நாடு நம்முடையது என்று தூதரிடம் சொல்லலாம்." அவை கைதட்டியது.

மக்கள் முணுமுணுத்தபோது மன்னரே மாடத்துக்கு வந்து பேசினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. "என் பிள்ளைகளுக்கு இல்லாத பிறந்தநாள் எனக்கும் வேண்டாம். எனக்கென்று ஒரு மதிப்பீடு போட்டே ஆகவேண்டுமென்றால், ஒரு செப்புக்காசு என்று போடுங்கள். அந்தக் காசையும் ஒதுக்காதீர்கள்" என்றார். குரல் தழுதழுத்தது. கூட்டம் அழுதது. செங்கமலமும் அழுதாள்.

ஆண்டுகள் போயின. அல்லி வளர்ந்தாள்; வயதுதான் வளரவில்லை. வேலிக்கு வெளியே நின்றே எட்டாம் வாய்ப்பாடுவரை வந்துவிட்டாள். இதற்கு மேல் கேட்டு மட்டும் படிக்க முடியாது, எழுதிப் பழக வேண்டும் என்று வாத்தியார் வேலியோரம் வந்து சொல்லிவிட்டுப் போனார். செங்கமலம் மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்தநாள் நலத்துறைக்குப் போனாள். கவுன்ட்டரில் கோதண்டம் என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளை பேரு?"

"அல்லி."

"வயசு?"

"ஏழு."

கோதண்டம் நிமிர்ந்து பார்த்தார். "நாலு."

"நீங்களே சொல்லிட்டா அப்புறம் எதுக்குங்க கேக்குறீங்க?"

"கேக்கணும்னு விதிம்மா."

செங்கமலம் மகளின் வாயைத் திறந்து காட்டினாள். "பாருங்க. முன்பல்லு விழுந்து மொளைச்சாச்சு."

"நாலு வயசுல பல்லு விழாதே."

"அதத்தானே நானும் சொல்றேன்."

"அப்ப பல்லு அரசாணைக்கு விரோதமா விழுந்திருக்கு. அதுக்குத் தனியா ஒரு மனு குடுத்துடுங்க. முந்நூறு பொன் கட்டுங்க, இப்பவே அஞ்சு போட்டுத் தர்றேன்."

"மாடு கன்னு, குடிசை எல்லாத்தையும் வித்தாலும் அவ்வளவு தேறாதுய்யா."

"அப்ப மனுவை வச்சுட்டுப் போங்க. வரிசையில இருக்கும்."

அந்த வரிசை மனுக்கட்டுகளாகக் கூரைவரை உயர்ந்திருந்தது. செங்கமலம் அதைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பவளக்கொடிதான் அவளுக்கு வழி சொன்னாள். மஞ்சாடி நாட்டு அதிகாரிகள் லஞ்சம் வாங்குவதில்லை. அங்கே காரியம் நடப்பது வேறு விதமாக. மன்னர்மீது யாருக்குப் பற்று அதிகம் என்று தெரிகிறதோ, அவருடைய மனு தானாக மேலே வரும். சிலர் அலுவலக வாசலில் இருக்கும் மன்னர் படத்துக்குச் சூடம் காட்டினார்கள். நெற்றியில் மன்னர் பெயரைப் பச்சை குத்திக்கொண்ட ஒருவருக்கு மூன்றே நாளில் வீட்டுப் பட்டா வந்தது.

"நீ என்னடி பண்ணே இதுவரைக்கும்? ஒரு மாலை போட்டிருப்பியா?" என்றாள் பவளக்கொடி.

"மாலை விக்கிற விலைக்கு நான் எங்கக்கா போறது."

"காசு கம்மியா ஆவுற மாதிரி ஏதாவது யோசிடி. பற்று தெரியணும், பை காலியாவக் கூடாது."

செங்கமலம் மறுநாள் பால் ஊற்றிக்கொண்டே யோசித்தாள். மன்னர் மாடத்தில் நின்று பேசியது நினைவுக்கு வந்தது. கறந்த பாலை விற்று முடித்ததும் நேராகக் கவுன்ட்டருக்குப் போனாள்.

"மன்னரு பொறந்தநாளுக்குக் கட்டணும்" என்று சொல்லி ஒரு செப்புக்காசை வைத்தாள். "மவராசன் நமக்காகப் பொறந்தநாளே வேணாம்னுட்டாரு. எனக்கு மனசு கேக்கல."

பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். கோதண்டம் மகிழ்ச்சியோடு ரசீதை எடுத்தார். பெயர் எழுதினார். வயது என்ற இடத்தில் அறுபது என்று எழுதப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்று உள்ளே ஓடினார்.

ஏன் ஓடினார் என்பதைச் சொல்ல வேண்டும். அந்த நாட்டின் மிகப் பழைய சட்டம் ஒன்று, அறுபது நிறைந்த மன்னர் முடியை இறக்கி வைக்க வேண்டும் என்றது. அது அரண்மனை வாசலில் கல்லில் வெட்டியிருந்தது. கல்லைப் பெயர்த்தால் ஊர் கவனிக்கும். வயதை நிறுத்தினால் ஊர் கவனிக்காது, கவனிக்கவும் இல்லை. செங்கமலத்துக்கும் அது தெரியாது. அவளுக்கு அந்தக் கல் மாடு முதுகு சொறிந்துகொள்ளும் கல்.

கோதண்டம் மேலாளரிடம் சொன்னார். மேலாளர் நாற்காலியைவிட்டு எழுந்தார். "வாங்காதே."

"எழுத்துல குடுங்கய்யா."

"என்னன்னு?"

"மன்னருக்குப் பிறந்தநாள் கொண்டாடக் கூடாதுன்னு நீங்க சொன்னதா."

மேலாளர் மறுபடி உட்கார்ந்தார். இருவரும் இயக்குநரிடம் போனார்கள். மூவருமாகத் திருமேனியாரிடம் போனார்கள். அவர் காசைப் பற்றிக் கேட்டார், பெண்ணைப் பற்றிக் கேட்டார், பிறகு சன்னல் வழியே அரண்மனை வாசல் கல்லைப் பார்த்தார்.

"மக்களின் அன்பை மறுக்க நாம் யார்?" என்றார். "வாங்கிக்கொள்ளுங்கள்."

அதற்குள் கவுன்ட்டரில் சேதி பரவிவிட்டது. ஒரு காசுக்கு இவ்வளவு பெரிய பற்றைக் காட்ட முடியும் என்பது யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மனு வைத்திருந்தவர்கள் எல்லோரும் கையில் காசோடு வரிசையில் நின்றார்கள். மன்னருக்கு அறுபத்தொன்று ஆனது, அறுபத்திரண்டு ஆனது. மேலாளர் வெளியே வந்து, "போதும், கவுன்ட்டரை மூடப்போகிறோம்" என்று கெஞ்சினார்.

"அவங்க கட்டலாம், நாங்க கட்டக் கூடாதா?" என்றார் ஒரு கிழவர். "அப்ப எங்களுக்கு மன்னர்மேல பற்று இல்லேன்றீங்களா? நீங்க யாரோட ஆளு?"

மேலாளர் தானும் ஒரு காசு கட்டிவிட்டு உள்ளே போனார். பொழுது சாயும்போது மன்னருக்கு நூற்றுப் பன்னிரண்டு வயது.

சேதி கேட்டு மன்னர் வெகுண்டார். ஆணையை ரத்துசெய்யச் சொன்னார். ரத்துசெய்தால் நின்றுபோன ஆண்டுகளெல்லாம் திரும்பி வரும், அப்போதும் அறுபதைத் தாண்டித்தான் இருப்பீர்கள் என்று திருமேனியார் மிகுந்த பணிவோடு விளக்கினார். முடி இறங்கியது. அறுபதுக்கு மேல் கட்டிய காசுகளால் வந்த வயதுகள் மன்னருக்குத் தேவைப்படவில்லை. பயன்படாத ஒதுக்கீட்டை அதே கவுன்ட்டரில் காத்திருக்கும் மனுக்களுக்குத் தரலாம் என்று விதி இருந்தது. கோதண்டம் செங்கமலத்தின் மனுவை உருவி எடுத்து, "மனுவுக்கு ஒண்ணுதான் தரமுடியும்" என்று அல்லிக்கு ஐந்து போட்டுக் கொடுத்தார். பல் பற்றிய மனு நிலுவையில் இருந்தது.

அல்லி பள்ளியில் சேர்ந்த முதல் நாளே புதிய மன்னர் முடிசூடும் நாளாக அமைந்தது. பிள்ளைகளையெல்லாம் கையில் கொடி கொடுத்து வெயிலில் நிற்க வைத்திருந்தார்கள். வரிசையில், பொன் கட்டிச் சேர்ந்த பிள்ளைகளைவிட அல்லி ஒரு தலை உயரமாக இருந்தாள். எப்போது வாய்ப்பாடு சொல்லுவார்கள் என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டாள். இன்றைக்குக் கைதட்டு மட்டும்தான் என்று அது சொன்னது. வேலிக்கு வெளியே இப்போது செங்கமலமும் பவளக்கொடியும் நின்றார்கள்.

அவையால் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்னர் திருமேனியார் மேடையேறினார்.

"எனக்கு முன்னவர் எளிமையாக ஒரு காசு என்றார். அது பிழை. மன்னனின் பிறந்தநாள் மக்களின் மானம். ஆகவே என் பிறந்தநாளின் மதிப்பீடு ஒரு கோடிப் பொன். ஆனால் இந்த ஏழை நாட்டின் தலையில் அவ்வளவு பெரிய செலவை வைக்க என் நெஞ்சு இடம் தரவில்லை. எனக்குப் பிறந்தநாளே வேண்டாம்."

குரல் தழுதழுத்தது. கூட்டம் அழுதது. வாத்தியார் சாடை காட்டியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அல்லிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பவளக்கொடி பக்கம் திரும்பினாள். "ஏக்கா, இவருக்கு இப்ப என்ன வயசு?"

"நாப்பத்திரெண்டுன்னு போட்டிருக்கு."

"நம்ம பங்குனிப் பிள்ளைங்களுக்குக் கடுதாசி வந்த வருசமும் நாப்பத்திரெண்டுதானே?"

பவளக்கொடி மேடையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆமா. உடம்பை நல்லா வச்சிருக்காரு" என்றாள்.