ஆயிரத்தோராவது நாமம்

தம் மனைவியின் வாயால் தம் பெயரை ஒருமுறையேனும் கேட்டுவிடுவது என்று துரைக்கண்ணு தீர்மானித்தார். அறுபத்தெட்டு வயதில் எடுத்த தீர்மானம். துணைக்கு இருந்தது ஒரு கணினி.

பொதுப்பணித் துறையில் இருந்த காலமெல்லாம் ஆற்று மதகுகளின் ஷட்டர்களை ஏற்றி இறக்கிக் கடைமடை வரையில் தண்ணீர் சேர்த்தவர் அவர். மண்வெட்டியோடு சண்டைக்கு வந்த ஊர்களையெல்லாம் சமாதானம் செய்து அனுப்பியவர். வீட்டில் தர்மாம்பாளிடம் மட்டும் அவருடைய ஷட்டர் எதுவும் ஏறியதில்லை.

தர்மாம்பாள் பக்தியில் குறைவற்றவள். விடியலில் நீராடி, விளக்கேற்றி, பெருமாளின் ஆயிரம் திருநாமங்களையும் புத்தகம் பாராமல், மூச்சுத் தடுமாறாமல் சொல்லி முடிப்பாள். ஆயிரத்தையும் சொல்லும் அந்த நாவு, ஆயிரத்தோராவது நாமமாகிய துரைக்கண்ணு என்பதை மட்டும் மணநாள் தொட்டு இதுவரை சொன்னதில்லை. கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது தாய்வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த நம்பிக்கை. உடன் கொண்டுவந்த பித்தளை அண்டா என்றைக்கோ ஓட்டையாகிப் பழைய பாத்திரக்காரரிடம் போய்விட்டது. நம்பிக்கையில் மட்டும் ஒரு நெளிசலும் இல்லை.

அவரை அவள் அழைப்பது "ஏங்க" என்று. காபி ஆறுகிறது என்றாலும் ஏங்க. கரண்ட் போய்விட்டது என்றாலும் ஏங்க. கோபமென்றால் அதே ஏங்க சற்று நீளும். கோயிலில் அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டால், நட்சத்திரத்தைத் தானே சொல்லிவிட்டுப் பெயருக்கு அவர் முகத்தைப் பார்ப்பாள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தபோதும் புரோகிதர் அவளைத்தான் கேட்டார். அவள் புடவைத் தலைப்பை வாயருகே வைத்துக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து மண்டபம் அதிர, "துரைக்கண்ணுன்னு சொல்லுங்க சாமி" என்று குரல் கொடுத்தவர் அண்ணன் செல்லதுரை.

அந்த அண்ணன் நாள்தோறும் காலையில் போன் செய்வார். "டேய் துரைக்கண்ணு, எந்திரிச்சிட்டியா?" என்பார். "எந்திரிச்சிட்டேண்ணே" என்பார் இவர். அவ்வளவுதான். அதற்கு மேல் பேசுவதற்கு இருவரிடமும் ஒன்றும் இருந்ததில்லை.

மாசியில் அண்ணன் காலமானார். காரியங்கள் முடிந்து மன்னார்குடிக்குத் திரும்பிய மறுநாள் காலை, துரைக்கண்ணு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அடிக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெர்த் நகரத்து மகள் மேகலாவுக்கு அவர் அப்பா. தெருவுக்கு சார். பால்காரருக்கு ஐயா. போனில் வரும் குறுஞ்செய்திகளுக்கு அன்பார்ந்த வாடிக்கையாளர். துரைக்கண்ணு என்று அழைக்க உலகத்தில் ஒரு வாய் மிச்சமில்லை. மூலவர் இருந்தும் அர்ச்சனை நின்றுபோன சந்நிதியைப் போல ஆனார் அவர்.

இனி அந்தப் பெயரைச் சொல்லக்கூடிய வாய் ஒன்றே ஒன்று. அதைத் திறக்க வைக்க வேண்டும்.

கூடத்து மூலையில் மகள் வாங்கிக் கொடுத்த கணினி இருந்தது. திரையின் உச்சியில் ஒரு நீண்ட பட்டை. மகள் அதை மெனு பார் என்பாள்; இவர் மேற்பட்டை என்பார். அதன் இடப்பக்கத்தில் சில சொற்கள். ஒன்றைச் சொடுக்கினால் அதிலிருந்து ஒரு பட்டியல் கிளைவாய்க்கால் போலக் கீழே இறங்கும். வலப்பக்கத்தில் கடிகாரம், ஒலி, இணையம். அவற்றோடு துரைக்கண்ணு தாமே கொண்டுவந்து பதித்த இரண்டு சின்னங்கள். ஒன்று மகளை முகம் பார்த்து அழைப்பதற்கு. மற்றொன்று, வெள்ளிக்கிழமை மாலைகளில் பல ஊர்ப் பெண்கள் திரையில் கூடி ஆயிரம் நாமம் சொல்லும் பாராயணத்துக்கு.

பட்டையில் எதை வைப்பது, எதை எடுப்பது, எதை எங்கே தள்ளுவது என்பதெல்லாம் அவருக்கு மதகுப் பலகையை மாற்றுவது போலப் பழகிவிட்டது. தர்மாம்பாளுக்கு அந்த இரண்டு சின்னங்களுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

ஆனி மாதத்து ஒரு பிற்பகல். தர்மாம்பாள் உள்ளறையில் கண்ணயர்ந்திருந்தாள். துரைக்கண்ணு இரண்டு சின்னங்களையும் பட்டையிலிருந்து அகற்றினார். புதிதாக ஒரு பட்டியலை உண்டாக்கி அவற்றை அதற்குள் ஒளித்தார். பட்டியலுக்குத் "துரைக்கண்ணு" என்று பெயர் சூட்டினார். சின்னங்களைக் காணாவிட்டால் அவள் மகளைக் கேட்பாள். பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று மகள் கேட்பாள். படித்துத்தானே ஆகவேண்டும்? இதுதான் அவருடைய கணக்கு.

சாயங்காலம் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. "ஏங்க, என்னோட ரெண்டு படத்தையும் காணோமே?"

"அப்டேட் ஆயிருக்கும். மேகலாவைக் கேளு" என்று அறையிலிருந்தபடியே சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்தார். காதுகளையும் விரித்தார்.

தர்மாம்பாள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேகலா, நான் அமுக்குற ரெண்டையும் காணோம்டி."

"மேல மெனு பார் இருக்கா?"

"இருக்கு."

"அதுல என்னென்ன எழுதியிருக்குன்னு வரிசையா படிம்மா."

"கோப்பு. திருத்து. பார்வை. உதவி."

"அப்புறம்?"

"அப்புறம், அவங்க."

"எவங்க?"

"அவங்கதான்டி. உள்ளார பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்காங்க."

"மெனு பார்ல யாரும்மா பேப்பர் படிக்கிறாங்க?"

"உங்க அப்பாடி."

"அப்பாவைக் கேக்கலம்மா. பார்ல என்ன எழுதியிருக்கு? தமிழ்லதானே இருக்கு?"

"தமிழ்ல இருக்கறதுதான் தொல்லையே."

அறைக்குள் செய்தித்தாள் தாழ்ந்தது. 

"நீ ஸ்கூல் நோட்டுல உன் பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து போடுவியே" என்றாள் தர்மாம்பாள்.

"ஆமா. து."

"அந்த எழுத்து முழுசா வந்து நிக்குது."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "அப்பா பேரா? அதை யாரு அங்க கொண்டுபோய் வச்சது?"

"பின்ன, நானா வச்சேன்?"

துரைக்கண்ணு எழுந்து கொல்லைக்குப் போனார், மோட்டார் போடவேண்டும் என்று யாரிடமோ சொல்வது போலத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு. தொட்டி ஏற்கனவே நிரம்பியிருந்தது. தாயும் மகளும் அதன்பிறகு நெடுநேரம் பேசினார்கள். அதை அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஒரு மடை உடைந்தால் ஓய்ந்துவிடுபவரா அவர்? குரலுக்கு இணங்கும் வசதியொன்று அந்தக் கணினியில் இருந்தது. மேற்பட்டையிலுள்ள பட்டியலின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் அது தானே திறக்கும். முதலில் அந்தச் சொல்லை அதற்குச் சொல்லிப் பழக்கவேண்டும், அவ்வளவுதான்.

தர்மாம்பாள் பெருமாளைச் சேவிக்கப் போயிருந்த வேளையில் அவர் கணினியின் முன் அமர்ந்தார். வீடு வெறிச்சென்று இருந்தது. "துரைக்கண்ணு" என்றார். மீண்டும் சொல்லுமாறு திரை கேட்டது. "துரைக்கண்ணு." இன்னும் உரக்கச் சொல்லச் சொன்னது. அடிவயிற்றிலிருந்து, "துரைக்கண்ணு" என்றார்.

சுவர்களில் மோதித் திரும்பியது குரல். அது அவர் குரலாக இல்லை. உடன்பிறந்தவர்களின் குரல்கள் வயதானபின் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. அது அப்படியே அண்ணன்.

"எந்திரிச்சிட்டேண்ணே" என்றார், தம்மை அறியாமல்.

மேற்பட்டையில் பட்டியல் திறந்து தொங்கியது. பின்னால் வளையல் ஓசை. கையில் அர்ச்சனைத் தட்டோடு தர்மாம்பாள் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரோட பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"யாரோடயும் இல்ல."

அவள் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். துளசியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் துரைக்கண்ணு மவுஸைக் கழற்றினார். மதகு வேலைக்காலத்து ரப்பர் பூட்ஸ் ஒன்று பரண்மேல் ஓய்வில் இருந்தது. அதற்குள் மவுஸைச் செருகினார். பிறகு மனைவியிடம் போனார்.

"தர்மு, மவுஸ் கெட்டுப்போச்சு. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

"ஐயையோ, வெள்ளிக்கிழமை பாராயணத்துல நான்ல முன்னாடி சொல்லணும்? அத்தனை பேரும் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"அதுக்கென்ன. மேல இருக்கற மெனு பேரை வாயால சொல்லு. தானாத் திறக்கும். அப்புறம் கீபோர்டுல அம்புக்குறியை நகர்த்தி என்டரைத் தட்டுனா போதும்."

"வேற வழி இல்லையா?"

"இல்ல."

அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே யோசித்தாள். "சரிங்க. சொல்லிடுறேன்" என்றாள்.

இத்தனை எளிதில் இணங்கியதே அவருக்கு ஐயத்தைத் தந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது. பக்தருக்குத் தரிசனம் நிச்சயமாகிவிட்டால் வரிசையின் நீளம் தெரிவதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அவர் மறுபடி குளித்தார். சலவை வேட்டி உடுத்தினார். நெற்றிக்கு இட்டுக்கொண்டு, அறையில் நாற்காலியைக் கதவோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூடத்தில் தர்மாம்பாள் விளக்கேற்றினாள். கணினியின் முன் அமர்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

துரைக்கண்ணு கண்களை மூடிக்கொண்டார். பெயரைக் கேட்டதும் என்ன பதில் சொல்வது என்று அதுவரை யோசிக்காதது நினைவுக்கு வந்தது. "என்ன" என்பதா? "சொல்லு" என்பதா? ஒன்றும் சொல்லாமல் அப்படியே கேட்டுக்கொண்டிருப்பதா?

"ஏங்க" என்றாள் தர்மாம்பாள்.

தோற்றுவிட்டாள். சொல்ல வராமல் கூப்பிடுகிறாள். வேட்டி தடுக்க விரைந்து போய் நின்றார். "என்ன தர்மு, சொல்ல வரலையா?"

"உங்களைக் கூப்பிடலைங்க."

திரையில் பட்டியல் திறந்திருந்தது. கும்பகோணத்து மாமியும் சிங்கப்பூர்ப் பெண்ணும் கட்டங்களுக்குள் ஒவ்வொருவராக வந்து கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். மேற்பட்டையில் உதவிக்கு அடுத்து, அவர் பெயர் இருந்த இடத்தில், "ஏங்க" என்று எழுதியிருந்தது.

"இதை யாரு மாத்துனது?"

"நான்தான். பேர் மேல வலது பொத்தானை அமுக்குனா, பேர் மாத்தணுமான்னு கேக்குது. மேகலா அன்னிக்கே சொல்லிக்குடுத்துட்டா. வார்த்தையைப் பழக்குறது நீங்க பழக்குனப்பவே பாத்துக்கிட்டேன்."

"மவுஸ்?"

"மழைக்கு முன்னாடி பூட்ஸை வெயில்ல போடலாம்னு எடுத்தேன். வால் தொங்குச்சு. எலி செத்துக் கிடக்குன்னு முறத்தை எடுத்துக்கிட்டுப் போனேன்." அவள் குரல் மாறவேயில்லை. "வேலை முடிஞ்சதும் பழையபடி உள்ளயே வச்சுட்டேன். நீங்க தேடுவீங்கல்ல?"

துரைக்கண்ணு பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். திரையிலுள்ளவர்களுக்குக் கேட்காதவாறு, "ஒரு தடவை சொன்னா என்ன குறைஞ்சிடும்?" என்றார்.

"குறைஞ்சிடும்னுதானே சொல்லல."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"உங்க அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, போயிட்டாங்க. நீங்க தனியா உக்காந்து உங்களையே கூப்பிட்டதை நான் பாக்காம இல்ல. ஆனா எனக்கு ஏங்கன்னு கூப்பிட இந்த ஒரு ஆள்தான் இருக்கு. பேரைச் சொல்லி அதையும் போக்கிக்கிட்டு, நான் இந்த வீட்ல யாரைக் கூப்பிடுறது?"

கும்பகோணத்து மாமி, "ஆரம்பிக்கலாமா?" என்றாள். தர்மாம்பாள் கைகூப்பி ஆரம்பித்தாள்.

அவர் அறைக்குத் திரும்பினார். திருநாமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தலைமதகில் திறந்துவிட்ட நீர்போல வந்துகொண்டிருந்தன. ஆயிரம் பெயர் சொல்லி அழைத்தும் பெருமாள் ஒன்றுக்கும் வாய் திறந்து பதில் சொல்வதில்லை. ஒரே ஒரு பெயருக்குப் பதில் சொல்லக் காத்திருக்கும் தம்மை யாரும் அழைப்பதில்லை. இந்த ஏற்பாடு யாருடையது என்று யோசித்தபடி கடைசி நாமம் வரையில் அமர்ந்திருந்தார்.

அன்று முதல் அந்த வீட்டில் ஏங்க என்னும் அழைப்பு பெருகிவிட்டது. மகளோடு பேச ஏங்க. பாராயணத்துக்கு ஏங்க. மவுஸ் பரணிலிருந்து இறங்கி மேசைக்கு வந்த பின்னும் தர்மாம்பாள் அதைத் தொடுவதில்லை. வாயால் அழைப்பதே அவளுக்கு வசதியாக இருந்தது. முதலில் சில நாட்கள் துரைக்கண்ணு ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடினார். ஒவ்வொரு முறையும், "உங்களைக் கூப்பிடலைங்க" என்ற பதிலோடு திரும்பினார். பெயர்தான் கிடைக்கவில்லை, இருந்த ஒரு அழைப்பிலும் பங்காளி வந்து சேர்ந்துவிட்டான். போகப் போக அவர் எழுவதை நிறுத்திக்கொண்டார்.

ஆடி பிறந்தது. பாமணியாற்றில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். முன்பென்றால் நாலு பேராவது அவரிடம் வந்து சொல்லியிருப்பார்கள். கொல்லைப்படியில் உட்கார்ந்து, இந்நேரம் எந்த ஷட்டரில் யார் நின்றுகொண்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து, "ஏங்க" என்று கேட்டது. மேகலாவோடு பேசப் போகிறாள் என்று நினைத்தார். மறுபடியும், "ஏங்க." கணினிக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும். "ஏங்க, ஏங்க." அவர் அசையவில்லை. இறுதியில் தர்மாம்பாளே காபித் தம்ளரும் டவராவுமாகப் படிக்கு வந்து நின்றாள். காபியின் மேல் ஆடை படிந்திருந்தது.

"எவ்வளவு நேரமாங்க கூப்பிடுறது?"

"கம்ப்யூட்டரைக் கூப்பிடுறேன்னு நெனச்சேன், தர்மு."

அவள் தம்ளரை அவர் கையில் வைத்தாள்.

"அதுன்னா ஒரு தடவை கூப்பிட்டாலே வந்துடுமே."