பதில் சொன்ன தொட்டி

ஞாயிறு காலை ஒன்பதே கால். மலைமேல் இருந்த முந்நூறு வருஷக் கல்வீட்டின் முன் தீவே திரண்டு நின்றது. கீழே கோயிலில் பாதிரியார் காலிப் பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

வீட்டை ஒட்டிய மழைநீர்த் தொட்டியில் புனித லூசியா குடியேறிவிட்டாளாம். கண்நோய் தீர்க்கும் புனிதை. அவள் முகவரியைக் கண்டுபிடித்தவர் பார்துல், போன வருஷம் கடலுக்கு அக்கரையிலிருந்து வந்து அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தவர். கேள்வியைச் சொல்லி ஒரு கோலைத் தண்ணீரில் விடுவார். தண்ணீர் சுழன்றால் ஆமாம்; சும்மா கிடந்தால் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றால் ஒருநாளும் சுழன்றதில்லை. தொட்டித் தண்ணீரில் கண் கழுவலாமா என்றால் சுழலாத நாளில்லை. காணிக்கையாக உலர்ந்த பன்றித்தொடை, ஆட்டுப் பாலாடைக்கட்டி, ஒலிவ எண்ணெய். புனிதைக்கு நல்ல பசி.

கல்லுடைக்கும் ஷிமேவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மறுநாள் அக்கரையில் ஸ்பிளிட் நகர ஆஸ்பத்திரியில் அறுவை. இனியும் தள்ளிப்போட்டால் இடது கண் தேறாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போகலாமா என்று ஷிமே தொட்டியைக் கேட்க வந்தான். கோல் இறங்கியது. தண்ணீர் அசையவில்லை. ஷிமே தலையாட்டினான். கூட்டமும் ஆட்டியது.

அவன் தங்கை லுக்ரித்சா, தீவின் தபால்காரி, முன்னால் வந்தாள். அதே கேள்வியைத் தன் கோலால் கேட்கட்டுமா என்றாள். புனிதைக்கு ஓய்வு வேண்டும் என்றார் பார்துல். பிறகு, பெண்கள் கேட்கக்கூடாது என்றார்.

"லூசியாவும் பொம்பளதான பெரியவரே."

கூட்டம் சிரித்து வழிவிட்டது. அவள் கோலில் கயிறு இருந்தது, கயிற்றில் தூண்டில் முள், முள்ளில் அரை மத்திமீன். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டு இறக்கினாள். தண்ணீர் கொதித்தது. எல்லோரும் மண்டியிட்டார்கள். அவள் இழுத்தாள்.

கை நீள விலாங்கு மீன் ஒன்று அவர்கள் நடுவில் வந்து விழுந்தது. நடக்க முடியாதவர் என்று தூக்கிவரப்பட்டவர்தான் முதலில் ஓடினார். அந்தத் தொட்டி செய்த ஒரே அற்புதம் அது.

பூச்சியைத் தின்ன ஒரு விலாங்கை விடாமல் இந்தத் தீவில் எவனும் தொட்டியை மூடியதில்லை. எல்லோர் தாத்தாவும் விட்டார். குழாய்த் தண்ணீர் வந்தது; எல்லோரும் மறந்தார்கள். மறதியின்மேல் பார்துல் கடை போட்டார்.

லுக்ரித்சா பார்துலின் கோலை வாங்கிக் கூட்டத்தில் கைமாற்றி விட்டாள். கூட்டம் மோந்து பார்த்தது. ஒரு முனையில் மத்திமீன் எண்ணெய் நாறியது. மறுமுனை, 'இல்லை' சொல்லும் முனை, சுத்தம். விலாங்கை விட்டதே லூசியாதான் என்று தொடங்கிய பார்துல், பாதியில் வீட்டுக்குள் போய்த் தாழிட்டார்.

ஷிமே குனிந்து, கண்ணை இடுக்கி, துள்ளுகிற மீனைப் பார்த்தான்.

"அப்ப இது ஆமாங்குதா, இல்லங்குதா?"

"கண்ணப் படிச்ச டாக்டர் சொன்னா நம்ப மாட்டே, பூச்சி திங்கிற மீனு சொன்னாத்தான் போவியா அண்ணே?"