அத்தாவிடம் அடையாள அட்டை கேட்ட கதை

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் முதலில் சந்தேகப்படுவேன். பிறகு சந்தேகத்துக்குப் பட்டியல் போடுவேன்.

2006-இல் பெரம்பலூரில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் தற்காலிகக் கணினி ஆசிரியையாக இருந்தேன். "ஸ்கூலுக்கு வெளிய புள்ளைங்க இன்டர்நெட்ல என்னதான் பண்ணுதுன்னு நம்ம ஸ்டூடண்ட்ஸுக்குக் காட்டும்மா. நல்லா செஞ்சின்னா ஜூன்ல உன்னை நிரந்தரமாக்கிடறேன்" என்றார் முதல்வர் அம்மா.

நான் தேர்ந்தெடுத்த ஊர் லப்பைக்குடிக்காடு. அவ்வளவு சின்ன ஊரில் எதற்கு இத்தனை பிரவுசிங் சென்டர்? (அரியலூர்க்காரியான எனக்கு அதுவே முதல் சந்தேகம். பஸ் கண்டக்டரைக் கேட்டிருந்தால்கூடக் காரணம் சொல்லியிருப்பார்.)

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆபத்தின் ஏழு அறிகுறிகளை எழுதிய தாளோடு பதினெட்டு பயிற்சி மாணவிகளையும் முதல்வரையும் அங்கிருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன். கடைசித் தடுப்பில் திரைச்சீலை மூடியிருந்தது. உள்ளே ஒரு சிறுமியின் சிரிப்பு. பதிலுக்கு ஓர் ஆண்குரல். "கவனிங்க... ஒண்ணு, மூணு, நாலு, ஆறு" என்று கிசுகிசுத்தபடி டிக் அடித்தேன். ஏழாவது, 'வயதில் மூத்த அந்நியர்'. அதை உறுதி செய்யச் சீலையை இழுத்தேன்.

மானிட்டரில் ஒருவர் பனியனோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று இருபது புடவைகளைப் பார்த்ததும் துண்டைத் தேடினார்.

"யாரு நீங்க? அடையாள அட்டைய காட்டுங்க!" என்றேன், கணீரென்று.

"எங்க அத்தா மிஸ்! துபாய்ல இருக்காங்க. வாரத்துல இன்னக்கி ஒரு மணி நேரந்தான் பேசுவாங்க" என்றாள் சிறுமி.

அவர் நிதானமாகக் கைகழுவி வந்து, பாஸ்போர்ட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். உடன் தங்கியிருந்த மூவரும் கேட்காமலேயே அவரவருடையதைப் பிடித்தார்கள்.

"பாத்தாச்சாம்மா? இப்ப ஒங்களுத காட்டுங்க. எம்புள்ள பக்கத்துல நிக்கிறது யாருன்னு நானும் தெரிஞ்சுக்கணும்ல?"

தற்காலிக ஆசிரியைக்கு ஏது அட்டை? பையைத் துழாவினேன். பஸ் டிக்கெட் கிடைத்தது.

"அத்தா, இவங்கள்ட்ட ஒண்ணுமே இல்ல. எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு."

முதல்வர் குனிந்து கேமராவில் முகம் காட்டினார். "எங்க ஸ்டாஃப்தாங்க. நான் பொறுப்பு, மன்னிச்சுக்குங்க." என்னைப் பார்த்து, "சீலைய மூடு. புள்ள மீதி நேரமாச்சும் பேசட்டும்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மாணவிகள் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். 'எட்டாவது அறிகுறி: அட்டை இல்லாமல் வந்து திரைச்சீலையை இழுக்கும் பெரியவர்.'

ஜூனில் நிரந்தர ஆணை வரவில்லை. அடையாள அட்டை வந்தது. அதில் 'தற்காலிகம்' என்று சிவப்பில் அச்சடித்திருந்தார்கள்.

மறு வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தவர் தனியாகப் பேச வேண்டும் என்றார். "தாராளமா பேசுங்க மாமா. பாஸ்போர்ட் கொண்டாந்திருக்கீங்கல்ல?" என்று என் தம்பி ஆரம்பித்து, முழுக்கதையையும் கொட்டிவிட்டான். அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்து மரியாதையாக நீட்டினார்.

இன்றும் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டும்போது அதைத்தான் முதலில் நீட்டுகிறார். (நானும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன்.)