வலம் வந்த ஜீப்

"இதோட மூணு ஞாயித்துக்கெழம ஆச்சு," என்றாள் கஸ்தூரி. தலையில் ஒரு முழம் மல்லிகை. மேட்டினி ஷோவுக்குக் காலை பத்து மணியிலிருந்தே தயாராக உட்கார்ந்திருந்தாள்.

டாக்ஸி டிரைவர் சகாதேவன் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கெழமதான் சவாரி ஜாஸ்தி. அடுத்த வாரம் கண்டிப்பா."

"போன வாரமும் இதத்தானே சொன்னீங்க?"

பேச்சை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தான். "பொடவ நல்லாக்கீதே. புதுசா?"

"கல்யாணப் பொடவ."

அதற்கப்புறம் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "இரு, உன்னை ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறேன். லைசென்ஸைப் புடுங்கி வெச்சாத்தான் நீ ஊடு தங்குவே."

அவன் சிரித்திருக்கக்கூடாது. சிரித்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. "ஸ்டேஷனுக்கு வழி தெரியுமா? வேணும்னா டாக்ஸியில கூட்டினு போயி வுடட்டுமா?" என்றான்.

கஸ்தூரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். திரும்பியே பார்க்கவில்லை.

வருவாள் என்று கால் மணி நேரம் காத்திருந்தான். வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனால், இன்னொரு டிரைவர் சடையன் கேட்டான்:

"இன்னாப்பா, உன் சம்சாரம் மூஞ்சிய உர்ருனு வெச்சிக்கினு ஸ்டேஷன் பக்கமா போவுது?"

லைசென்ஸ் போனால் வண்டி போச்சு. முதலாளி அப்பாசாமி அன்றைக்கே சாவியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். ஓட்டுவதைத் தவிர சகாதேவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் வந்து பின் சீட்டில் ஏறினார். முந்தானையைத் தலைக்கு முக்காடாகப் போட்டிருந்தார். மடியில் ஒரு பெரிய பை.

"மலைய சுத்திட்டு வரணும். எங்கியும் நிறுத்தாத."

ஊரை விட்டுத் தள்ளியிருக்க இதைவிட நல்ல சவாரி கிடைக்காது. சகாதேவன் உடனே கிளப்பினான்.

ரமணாசிரமம் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தான். போலீஸ் ஜீப். ஏட்டு பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"போச்சுடா! எழுதிக் குடுத்துட்டா!"

"யாரு?"

"எம் பொண்டாட்டிம்மா. சினிமாவுக்குக் கூட்டினு போவலன்னு."

"கூட்டினு போவறதுக்கு என்னா கேடு?" என்றார் அந்த அம்மாள் சுள்ளென்று. "நீ ஓட்டு. நிறுத்தாத."

சகாதேவன் மிதித்தான். செங்கம் ரோட்டிலிருந்து மலை சுற்றும் பாதைக்கு அம்பாசிடர் இரண்டு சக்கரத்தில் திரும்பியது. காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் புளியமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மண்ணாங்கட்டி என்பவர் ரோட்டில் காயப்போட்டிருந்த மல்லாட்டைக் கடலை நாலாபுறமும் சிதறியது.

"கண்ணு அவிஞ்சா பூட்ச்சு?" என்று கத்திய மண்ணாங்கட்டி, குனிந்து பொறுக்கத் தொடங்கினார். பின்னாலேயே ஜீப் வந்தது. மறுபடியும் எகிறிக் குதித்தார்.

அடிஅண்ணாமலை கிட்டே ஒரு பாழடைந்த மண்டபத்துக்குப் பின்னால் வண்டியைச் செருகினான் சகாதேவன். ஜீப் சர்ரென்று தாண்டிப் போனது. அப்படியே வந்த வழியே திரும்பி ஊருக்குத் தப்பிவிடலாம் என்று ஸ்டியரிங்கை வளைத்தான்.

"அடப்பாவி! மலைய எடப்பக்கமா சுத்தறியா? எறக்கி வுட்டுட்டுப் போ!" என்று அந்த அம்மாள் அலறினார்.

சகாதேவனும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் மலையை ஒருமுறைகூட இடமாகச் சுற்றியதில்லை. வண்டியை நேராக்கி, ஜீப்புக்குப் பின்னாலேயே மெதுவாக ஓட்டினான்.

ஜீப்பில் இருந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டார்கள். நின்ற இடத்திலேயே திரும்பியிருந்தால் அரை நிமிஷத்தில் பிடித்திருக்கலாம். ஆனால் ஜீப் டிரைவர் தருமனும் இந்த ஊர்க்காரர்தான்.

"திருப்புய்யா!" என்று இன்ஸ்பெக்டர் ராமதாஸ் கத்தியது சகாதேவனுக்கே கேட்டது.

"எடப்பக்கமாவா? எம் புள்ளகுட்டி நல்லாருக்க வேணாமாய்யா?" என்றார் தருமன். "நின்னா அவனும் அங்கியே நின்னுடுவான். ஒரே சுத்துல பின்னாடி வந்து புடிச்சிடறேன்."

ஜீப் பறந்தது. அதை முட்டாமலிருக்க சகாதேவன் ஊர்ந்தான். முக்கால் மணி நேரத்தில் ஜீப் ஒரு முழுச் சுற்று முடித்து அவனுக்குப் பின்னால் முளைத்தது. அவன் மறுபடியும் மிதித்தான்.

இரண்டாவது தடவையாக வெள்ளைக்காரர் மரத்தைக் கட்டிப்பிடித்தார். மண்ணாங்கட்டி இந்தத் தடவை மல்லாட்டைப் பக்கமே போகவில்லை. கும்பிட்டபடி ஓரமாக நின்றார்.

கொஞ்ச தூரம் போனதும் பானெட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது.

சகாதேவன் இறங்கி ஓடிப்போய் இன்ஸ்பெக்டர் காலில் விழுந்தான்.

"எம்மேலதான் தப்பு ஐயா! மூணு வாரமா ஏமாத்திட்டேன். கல்யாணப் பொடவையக்கூட அடையாளம் தெரியல. இப்பவே மன்னிப்பு கேட்டுக்கறேன். லைசென்ஸ்ல மட்டும் கைய வெக்காதீங்க!"

இன்ஸ்பெக்டர் அவனை விநோதமாகப் பார்த்தார். "அதெல்லாம் ஊட்ல போயி சொல்லு. மொதல்ல வழிய வுடு."

தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, டாக்ஸியின் பின்கதவருகே போய்த் தயங்கித் தயங்கி நின்றார்.

சகாதேவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏட்டு அவன் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"உன் சம்சாரம் எங்ககிட்ட வரவே இல்லப்பா," என்றார் காதோடு காதாக. "ஊட்ல கோச்சிக்கினு பையோட உன் வண்டியில ஏறிச்சே, அது எங்க ஐயா சம்சாரம்."