திறப்புவிழா நட்ட மரம்

மண்வெட்டியைப் பிடித்து வெட்டுகிறவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. பிடித்தபடி கேமராவைப் பார்த்து நிற்கிறார்களே, அந்த இனத்தைப் பற்றித்தான். உங்கள் சொந்தத்திலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் இன்னும் நன்றாகத் தேடிப் பாருங்கள்.

எங்கள் ஊர்த் தையற்கடை அண்ணி 'திறப்புவிழா' என்ற பெயரை முதன்முதலில் கேட்டது, அவருடைய கல்யாணப் பேச்சு நடந்த அன்று. மாப்பிள்ளையின் சின்ன அத்தை சொன்னார்: "மாப்பிள்ளைக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான். திறப்புவிழான்னுதான் அவனைக் கூப்பிடுவோம். எதையும் ஆரம்பிச்சுக் குடுப்பான். முடிக்கிறதுக்குத்தான் வேற ஆள் பாக்கணும்."

அந்த வேறு ஆள் தான்தான் என்பது அண்ணிக்கு அப்போது தெரியாது.

ஊருக்கு மேலே சரிவு முழுக்க ஒரு கம்பெனி பைன் மரங்களாக வளர்த்து, ஒரே வீச்சில் வெட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மொட்டையாகக் கிடந்த சரிவில், முன்பு அங்கே இருந்த மரங்களையே நட்டு வளர்க்கிறோம் என்று அண்ணியை முன்னால் நிறுத்தி ஊர் கேட்டது. வனத்துறை அதிகாரி ஒரே நிபந்தனை போட்டார். உதிர்ந்த விதையிலிருந்து பைன் தானாக முளைக்கும். முளைத்ததையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும். அவர் பார்வையிட வரும்போது பைன் தலையெடுத்திருந்தால், சரிவு மறுபடியும் கம்பெனிக்கு.

வேன் பிடித்து ஆள் திரட்டியது யார்? திறப்புவிழாதான். அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு போன் போட்டால் மருந்துக்கடைக்காரர், பஸ் டிரைவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்று வந்து இறங்குவார்கள். முதல் குழிக்கு அவர் குனிந்தபோது ஒரே கைதட்டல். இரண்டாவது வெட்டுக்கு முன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மீதியை அவருடைய அண்ணன், அதாவது அண்ணியின் கணவர், வெட்டினார்.

அண்ணி கன்றை நீட்டினார். இலையுதிர்ந்து வெறும் குச்சியாக இருந்தது. குளிர்காலத்தில் அந்த மரத்தின் லட்சணமே அதுதான்.

"என்ன அண்ணி, விறகைக் குடுக்கிறீங்க? போட்டோல நல்லாவா இருக்கும்?" என்றவர், சுற்றுமுற்றும் பார்த்து, வெட்டிய மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் பச்சைப்பசேலென்று நின்ற ஒரு செடியைத் தாமே மண்ணோடு எடுத்து வந்து நட்டார்.

ஊரே பார்த்தது. அது பைன்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அவர் கோபிப்பார். அவர் கோபித்தால் வேன் வராது. வேன் வராவிட்டால் சரிவில் குழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். "தம்பி, அது வந்து..." என்று அண்ணி எத்தனையோ முறை ஆரம்பித்தார். "கவலைப்படாதீங்க அண்ணி, அது என் பொறுப்பு" என்று அவர் முடித்துவைத்தார். வாழ்க்கையில் அவர் முடித்துவைத்தது அந்தப் பேச்சை மட்டும்தான்.

ஆனால் அதிசயம் பாருங்கள், அந்த ஒரு செடிக்கு வேலி கட்டினார், தண்ணீர் சுமந்தார், தன் பெயரில் பலகையும் வைத்தார். மற்றவர்கள் குனிந்து குனிந்து பைன் முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருக்க, அவருடையது ஆள் உயரம் வளர்ந்தது.

"அக்கறையா பாத்துக்கிட்டா இப்படி வரும். உங்க குச்சியெல்லாம் ஏண்ணே முழங்கால்லயே நிக்குது?"

அண்ணன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

அதிகாரி வந்தார். அண்ணி அவரை மறுபக்கமாக அழைத்துப் போகப் பார்த்தார். திறப்புவிழா விடுவாரா? தோளில் கைபோட்டு நேரே தன் வேலிக்கே கூட்டிப் போனார். அதிகாரி பலகையைப் படித்தார். மரத்தைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார்.

"இதைத்தானேம்மா புடுங்கச் சொன்னேன்?"

திறப்புவிழாவின் முகம் வெளுத்தது. ஒரு நொடிதான்.

"பின்னே? அதுக்குத்தானே சார் வளர்த்தேன்! எதைப் புடுங்கணும்னு ஜனங்களுக்குக் காட்ட ஒண்ணாவது வேணாமா? அண்ணி, மண்வெட்டியைக் கொண்டாங்க. இன்னிக்கே புடுங்கு விழா!"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "சரி, இது வேரோட வெளிய வரட்டும். சரிவு உங்களுக்குத்தான். வர்ற வரைக்கும் நான் நகர மாட்டேன்" என்று ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

முதல் வெட்டு. போட்டோ. இடுப்பு. வழக்கம்போல அண்ணன் எழுந்தார். அண்ணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"நீங்க இருங்க. தம்பிதான் அது என் பொறுப்புன்னு சொல்லியிருக்காரே."

அவ்வளவு தண்ணீர் குடித்த வேர் லேசில் விடுமா? சட்டை நனைந்து, கை கொப்பளித்து, ஒருவழியாக வந்தது. சரிவு தப்பியது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பெயர்ப்பலகை எந்தச் செடிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கூட இருப்பவர்கள் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தால் கட்டாயம் பாருங்கள்.

அந்தக் குழியில் இப்போது அண்ணி கொடுத்த குச்சி நிற்கிறது. பலகை பழையதேதான். திறப்புவிழா வாளியோடு பக்கத்தில் நிற்கிறார்.